பந்தியில் இருந்தவரை எழுப்பினேன்

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து, ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் தோய்க்கிற ஒரு பெரிய லோன்றியில் நின்றே காலம் போய்விட்டது. காலையில் குளித்து, திருநீறு பூசி, சுவாமி அறையில் ஒரு பதிகம் பாடிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. கோயில் திருவிழா என்றால் பத்து நாளும் லீவு எடுத்துவிடுவேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் நல்ல மனிதன் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகளின் கலியாணத்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட ஒரு மனிதரை நான் எழுப்பினேன்.

சென்-லோரனில் ஒரு மண்டபம். கார்த்திகை தொடங்கிவிட்டது, வெளியே முதல் பனி. மாப்பிள்ளை சென்னைப் பிள்ளை, இங்கே ஒரு கொம்பியூட்டர் கம்பெனியில் வேலை. "இந்தியாக்காரனுக்கோ குடுக்கிறியள்?" என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்டார்கள். முருகன் காட்டின பிள்ளை என்று சொல்லி வாயை அடைத்தேன். நாதஸ்வரத்துக்கு ரொறொன்ரோவிலிருந்து ஒரு பெரியவரை எடுத்தோம். தவில் இங்கேயே இருக்கிற ஒருவர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு நான்தான் டெலிபோன் எடுத்தேன். "நீர் எட்டு மணிக்கே வந்திடும், பிந்தாதையும்" என்றேன். "ஓமய்யா" என்றார். அவ்வளவுதான் கதை.

தாலி கட்டும்போது அந்த மனிதர் அடித்த கெட்டிமேளம் இன்னும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது. மண்டபத்தின் கண்ணாடி யன்னல்கள் அதிர்ந்தன. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு தவில்காரரையே பார்த்தபடி இருந்துவிட்டார். "தம்பி, பொம்பிளை இஞ்சால இருக்கிறா" என்று ஐயர் சொல்லித்தான் திரும்பினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு சாப்பாடு. நீள மேசைகளில் வாழையிலை போட்டு முதல் பந்தி. நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வாத்தியங்களை மணவறைப் பக்கம் துணியால் மூடி வைத்துவிட்டு, கை கழுவி வந்து, மூன்றாவது மேசையின் கடைசியில் இருந்தார்கள். சோறு போட்டு, பருப்பும் விட்டாயிற்று.

என் பெரியக்கா பின்னால் வந்து என் சால்வையைப் பிடித்து இழுத்தா.

"தம்பி, மூண்டாவது மேசையைப் பார்."

"என்னக்கா?"

"பார் எண்டுறன். பெரியப்பாவின்ர ஆக்கள் இருக்கிற மேசை. பேந்து ஆர் ஆரோட இருந்து சாப்பிட்டது எண்டு கனடா முழுக்கக் கதை போகும். உனக்கு இன்னும் கட்டிக்குடுக்க ஒரு பெட்டை இருக்கிறாள்."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேளம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. ஆனால் மேளம் வாசிக்கிறவர்களை எங்களோடு ஒரே வரிசையில் இருத்திச் சாப்பாடு போடுவதில்லை. சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு வேறு இடம் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். விமானம் ஏறி, கடல் தாண்டி, பனிக்குள் வந்து வீடு வாங்கிய பிறகும் அந்த வேறு இடத்தை நாங்கள் கூடவே கொண்டு வந்திருந்தோம்.

"இருக்கட்டுமக்கா" என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல். சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு அந்த மேசைக்குப் போனேன்.

"தம்பி, உங்களுக்கு அங்கால ஆறுதலாய் இருந்து சாப்பிட இடம் ஒழுங்கு செய்திருக்கு. வாங்கோ."

நாதஸ்வரக்காரர் உடனே எழும்பினார். அவருக்குப் பழக்கம். தவில்காரர் முதலில் இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓமய்யா" என்று சொல்லி எழும்பினார்.

இடம் ஒன்றும் ஒழுங்கு செய்திருக்கவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் இடம் தேடினேன். வாசலுக்குப் பக்கத்தில் கோட்டுகள் கொழுவுகிற அறை இருந்தது. இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, காகிதத் தட்டில் சாப்பாடு. "குளிர் காத்து வரும்" என்று சொல்லிக் கதவையும் சாத்திவிட்டு வந்தேன். பெரியவர் இன்று விரதம் என்று சொல்லிச் சாப்பிடவில்லையாம். தவில்காரர் சாப்பிட்டார். பிறகு வந்து, பெண் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றும்வரை ஒரு அடி குறையாமல் வாசித்தார்.

எங்கள் வீட்டில் இது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். மனைவி அப்போது கலியாணப் பொம்பிளையோடு நின்றாள். நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மறக்க விடாமல் செய்தவர் மருமகன். அவருக்கு அது தெரியாது, பாவம். அவர் ஒரு சங்கீதப் பைத்தியம். இந்த ஊரில் எந்த மூலையில் யார் எதைத் தட்டினாலும் அவருக்குச் செய்தி வந்துவிடும். நான் வேலையை விட்டு ஓய்ந்த நேரம், டொக்டரும் நடக்கச் சொல்லியிருந்தார். மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசலில் நிற்பார்.

"மாமா, சும்மா வாங்க மாமா. ஒரு மணி நேரம். டிக்கெட்டெல்லாம் கெடயாது."

"என்ன பாட்டு தம்பி?"

"தெரியாது மாமா. அதான் விஷயமே."

முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரிந்த பாதைகள் மூன்று: வேலைக்கு, கோயிலுக்கு, பால் வாங்க மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்கு. இங்கத்தைப் பாட்டு என்றால் குடியும் கூத்தும் என்று நினைத்திருந்தேன். முதல் முறை அஹுன்ட்சிக்கில் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனோம். இரண்டு கிழவர்கள் அக்கோடியன் வாசித்தார்கள். ஒரு மனிதர் கதிரையில் இருந்து வயலின் வாசித்துக்கொண்டே இரண்டு சப்பாத்துக் காலாலும் ஒரு பலகையில் தாளம் போட்டார். "தம்பி, இவருக்குத் தாளக்காரன் செலவு மிச்சம்" என்றேன். மருமகன் புல்லில் விழுந்து சிரித்தார். ஆனால் அந்தக் கால்கள் ஒரு இடத்திலும் பிசகவில்லை. என் கை தன்பாட்டில் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டது.

நான் வேலைக்குப் போக மெற்றோ மாறின நிலையத்தில், சுவரில் யாழ் போல ஒரு படம் போட்ட பலகை இருக்கிறது. அதன் கீழே முறை வைத்துப் பாட்டுக்காரர்கள் நிற்பார்கள். பிச்சை என்று நினைத்து முப்பது வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் நான். மருமகன் ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கறுப்பினப் பெண், தன் உயரத்துக்கு ஒரு வாத்தியத்தை அணைத்து வைத்து வில்லால் இழுத்துக்கொண்டிருந்தா. ரயில் வந்து போனது. அடுத்த ரயிலும் போனது. வேலைக்குப் போன காலம் முழுக்க ஒரு ரயிலைத் தவறவிடாத நான் இரண்டைத் தவறவிட்டேன்.

வீட்டில் மனைவி பகிடி பண்ணத் தொடங்கினாள். "இவர் இப்ப ஊரெல்லாம் கச்சேரிக்குத் திரியிறார். இனிக் காதில தோடும் போடுவார்."

ஆனால் ஒன்று ஒவ்வொரு முறையும் என்னைக் குத்தியது. வாசித்து முடிந்ததும் அந்தக் கலைஞர்கள் இறங்கி வந்து சனத்தோடு புல்லில் இருந்து பாண் சாப்பிடுவார்கள். யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த நேரம் நான் மரத்தையோ ஆற்றையோ பார்ப்பேன்.

போன மாசியில் சின்ன மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. ஆவணியில் நாள். அவள் சேலை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்காவுக்கு வாசிச்ச தவில்காரர்தான் எனக்கும் வேணும், அப்பா. வேற ஆரும் வேண்டாம்."

மருமகன் டெலிபோன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். எல்லோரும் சமையலறை மேசையில் இருந்தோம்.

"அவர் கல்யாணத்துக்கு வாசிக்கிறதில்லையாம் மாமா. கோயில்ல வாசிக்கிறார், கச்சேரி வாசிக்கிறார். தமிழ்க் கல்யாணம் மட்டும் வேணாங்கிறார். ஏன்னு கேட்டா சிரிக்கிறார்."

"எப்ப தொடக்கம்?" என்று மனைவி கேட்டாள்.

"நம்ம கல்யாணம்தான் கடைசியாம் அத்தை."

"அப்பிடி என்ன உங்கட முகத்தைக் கண்டு பயந்து போனாரோ?" என்று சின்னவள் அத்தானுக்குச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் எழும்பிப் போய் தண்ணீர் குடித்தேன்.

"அப்பா, நீங்கள் கேட்டால் வருவார். அப்பவும் நீங்கள்தானே கதைச்சனீங்கள்" என்றாள்.

அந்தப் பொறுப்பு என் தலையில் வந்தது. அவர் ஏன் வரமாட்டார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதமாகப் பொய் சொன்னேன். எடுத்தேன், அவர் எடுக்கவில்லை என்றேன். வேலையாய் இருக்கிறாராம் என்றேன். ஒரு நாள் கையில் கற்பூரத் தட்டோடு நின்றும் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், மூன்று மணிக்கு, மருமகன் ஒரு பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். இங்கே பல தேவாலயங்களில் இப்போது பூசை இல்லை. பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். எனக்கு அது இன்னும் சுவாமி வீடுதான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். "மாமா, இங்க வேணாம்" என்று மருமகன் காதுக்குள் சொன்னார். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினா. அதற்குப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல், எங்கள் கோயில் வாசல் போல ஆகிவிட்டது.

மேடையில் மூன்று கதிரை. பூங்காவில் கண்ட அதே சப்பாத்துத் தாளக்காரர் ஒன்றில். நீளக் கழுத்தும் சுரைக்காய் போல வயிறும் உள்ள ஆபிரிக்க வாத்தியத்தோடு ஒரு பெண் இன்னொன்றில். மூன்றாவது கதிரையில், கறுப்புச் சட்டையும் ஜீன்சும் போட்டு, விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் தவில்காரர்.

மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சர்ப்ரைஸ் மாமா. இன்னிக்கே கேட்டுடுங்க."

அவர் தொடங்கியபோது முதலில் விரல் நுனியால் மட்டும்தான் தொட்டார். தவிலிலிருந்து அவ்வளவு மெல்லிய சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சப்பாத்துக் கால்காரர் ஒரு கேள்வி கேட்பது போல நாலு தட்டுத் தட்டினார். இவர் இடக்கைக் குச்சியால் அதைத் திருப்பிக் கொடுத்தார், கூட இரண்டு சேர்த்து. அவர் சிரித்தார், இன்னும் கடினமாகக் கேட்டார். இவர் அதையும் கொடுத்தார். அந்தப் பெண்ணின் நரம்புகள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் மாதிரி ஓடின. கடைசியில் மூன்றும் ஒன்றாக வந்து நின்ற இடத்தில் சனம் எழும்பிக் கத்தியது. வெறுங்காலோடு நின்ற கிழவி அழுதா.

நான் மட்டும் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. கோயிலில் சுவாமி வெளிவீதி வரும்போது முன்னால் நடப்பது இந்த மனிதரும் இவருடைய தவிலும்தான். நான் பின்னால், தேரின் வடத்தைப் பிடிக்கிற கூட்டத்தில் ஒருவன். சுவாமிக்கு இவ்வளவு கிட்ட நிற்கிற ஒருவருக்கு என் வீட்டு மேசையில் இடமில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். இசை வடிவானவனே என்று தினமும் காலையில் பாடுகிற வாயால் சொல்லியிருக்கிறேன்.

கச்சேரி முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. அங்கே ஒரு பழக்கம்: வருகிறவர்கள் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வந்து நீள மேசையில் வைப்பார்கள், வாசித்தவர்களும் கேட்டவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். மூத்த மகள் வடை சுட்டுக் கொடுத்திருந்தாள். நான் வெளியே போக வழி பார்த்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"வாங்கோ அண்ணை."

அன்றைக்கு ஐயா, இன்றைக்கு அண்ணை. தன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ. சூப் ஆறப் போகுது."

மருமகன் தட்டு எடுக்கப் போய்விட்டார், வேண்டுமென்றே போயிருப்பார். நான் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சின்ன மகளுக்கு ஆவணியில கலியாணம்."

"நல்ல விசயம், அண்ணை."

"உங்கட தவில்தான் வேணுமெண்டு நிக்கிறா."

"மருமகன் கேட்டவர். சொன்னனான்."

"அது வந்து... அண்டைக்கு நடந்தது..."

"என்ன நடந்தது?"

பகிடியாகக் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டார். என் வாயில் வந்தது இது: "இடம் கொஞ்சம் வசதியில்லாமல் போச்சு."

அவர் பாணைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார். "இடம் நல்ல வசதியண்ணை. அவ்வளவு கோட்டுக்கு நடுவில குளிரவேயில்லை."

பிறகுதான் சொன்னேன். "இடம் ஒண்டும் ஒழுங்கு செய்யேல்ல. பொய். அக்கா சொன்னவ, நான் வந்து எழுப்பினனான். நான்தான்."

எதிரில் இருந்த சப்பாத்துத் தாளக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வடைத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"அந்த அறை எனக்குப் புதிசில்லை" என்றார் தவில்காரர். "எத்தினையோ அறை கண்டிட்டன். ஆனா அண்டைக்குச் சோறு போட்டாச்சு. பருப்பும் விட்டாச்சு. நான் எழும்பின பிறகு அந்த இலையை என்ன செய்தனீங்கள்?"

நான் சூப் கரண்டியைக் கீழே வைத்தேன். அவருக்கு ஊகிக்கத் தெரியும். ஒருவர் எச்சில் படாத, கை வைக்காத அந்த இலையை அக்கா மடித்துக் குப்பைப் பைக்குள் போடச் சொன்னா. மேசையின் அந்த மூலையை ஈரத் துணியால் துடைக்கச் சொன்னா. துணியை எடுத்துக் கொடுத்தது நான்.

"தவில் வராது, அண்ணை. அதை விடுங்கோ" என்றார். பிறகு, "என்னைக் கூப்பிடுறதெண்டால் கூப்பிடுங்கோ."

"விளங்கேல்ல."

"உங்கட ஆக்களை எப்பிடிக் கலியாணத்துக்குக் கூப்பிடுவியள்? அப்பிடி."

எங்கள் ஆட்களைக் கூப்பிடுவது என்றால் புருஷனும் பெண்சாதியும் வெளிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மூலைகளில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ், தட்டில் வெற்றிலை, குங்குமம். வாயால் சொல்லி, கையில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். மேளத்துக்கு மட்டும் ஒரு டெலிபோன் போதும்.

"எத்தினையோ கலியாணத்துக்கு வாசிச்சிருக்கிறியள். ஒருத்தரும் கார்ட் தரேல்லையோ?" என்று கேட்டேன்.

"கண்டிருக்கிறன். மண்டபத்தில மேசையில கிடக்கும். நல்ல நல்ல கார்ட்டுகள்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

"இலையில போட்ட பிறகோ?"

"ஓம்."

"போட்ட பிறகோ எழுப்பினீங்கள்?" இரண்டு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "அவரை இருத்தினால் அக்கா என்ன சொல்லுவா?"

அக்கா சொல்வதைச் சொன்னா. டெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நீ அவனைக் கூப்பிட்டு இருத்துறதெண்டால் என்னைக் கூப்பிடாதை."

"அக்கா, உங்களையும் கூப்பிடுறன். அவரையும் கூப்பிடுறன்."

"அவரோ?" என்றா அக்கா. "சரி, சரி. நீ வெள்ளைக்காரனாப் போனாய்." வைத்துவிட்டா.

சின்ன மகளுக்குச் சொன்னதுதான் பெரிய பாடு. தவில் இல்லை என்று சொல்ல வேண்டும், ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை. கேட்டு முடிந்ததும் தமக்கைக்கு டெலிபோன் எடுத்துப் பிரெஞ்சில் பேசினாள். எனக்கு அந்தப் பாஷை அரைகுறை. ஆனாலும் அப்பா என்ற சொல் வந்த ஒவ்வொரு இடத்திலும் அவள் குரல் எப்படி இருந்தது என்பது விளங்கியது. நாலு நாள் என்னோடு கதையில்லை. ஐந்தாம் நாள், "அவையின்ர கார்ட்டில பேரை நான் எழுதுறன்" என்றாள்.

அவர் வீடு கார்ட்டியர்வில்லில், எங்கள் வீட்டிலிருந்து எட்டாவது தெரு. இத்தனை வருடம் அங்கேயே இருந்திருக்கிறார். நான் வேட்டி, மனைவி கூறைச்சேலை. கதவைத் திறந்த அவர் மனைவி, எங்களையும் தட்டையும் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட மறந்து நின்றா. பிறகு இரண்டு கையாலும் வாங்கி, உறையில் எழுதியிருந்த இரண்டு பெயரையும் சத்தமாக வாசித்தா.

"எனக்கும் சேர்த்தோ?"

"வேற? தம்பதியாய் வந்து பிள்ளையளை வாழ்த்த வேணும்" என்றாள் மனைவி.

"இதை எங்க வைக்கிறதெண்டே தெரியேல்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கொண்டுபோய் சுவாமித் தட்டில் வைத்தா.

தேத்தண்ணி வந்தது. நான் முழுக்கக் குடித்தேன். ஒரு துளி மிச்சம் வைக்கக் கூடாது, அவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்துக் குடித்தேன். வேறு எந்த வீட்டிலும் நான் அப்படி நினைத்துத் தேத்தண்ணி குடித்ததில்லை. திரும்பி நடக்கும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது.

ஆவணிக் கலியாணத்துக்கு வேறு மேளம். ரொறொன்ரோவிலிருந்து இரண்டு இளம் பிள்ளைகள். அவர் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக மனைவியோடு வந்தார். வாசலில் நான் நின்று சந்தனம் கொடுத்தேன். நாலாவது வரிசையில் இருந்து மேளம் கேட்டார். தாலி கட்டுகிற நேரம் அவர் விரல்கள் முழங்காலில் ஓடின. மணவறையிலிருந்து என் மகள் ஒரு தரம் தவில் இருந்த பக்கம் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கி அங்கிருந்தே அட்சதை போட்டார். அவள் ஆசைப்பட்ட தவில் கேட்காமல்தான் அவள் கழுத்தில் தாலி ஏறியது. அதற்குக் காரணம் தகப்பன்.

அக்கா வந்திருந்தா. இரத்தம் விடுமோ? ஆனால் தாலி கட்டிய கையோடு தலையிடி என்று சொல்லி, மகனின் காரில் ஏறி டொலார்ட்டில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டா. நான் தடுக்கவில்லை, வாசல்வரை போனேன்.

முதல் பந்திக்கு இலை போட்டார்கள். அவரையும் மனைவியையும் நானே கூட்டிப் போய் இருத்தினேன். அன்று மேளம் வாசித்த இரண்டு பிள்ளைகளையும் அதே வரிசையில் இருத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் விட்டார்கள்.

"தொடங்குங்கோ அண்ணை" என்றார்.

கையைச் சோற்றில் வைக்க முன், நான் தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தேன். யார் எங்களைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். பெரியப்பாவின் ஆட்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தேடினேன். ஒரு நிமிடம்கூட இல்லை. நினைத்துச் செய்யவில்லை, தலை தானாகத் திரும்பியது. இவ்வளவும் நடந்த பிறகும் திரும்பியது.

நான் திரும்பி இலைக்கு வந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பார்த்துவிட்டார். தன் மனைவி பக்கம் சாய்ந்து, "கத்தரிக்காய் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போகும்வரை நான் தலை நிமிரவில்லை.